பதினேழு கிலோ சைக்கிள்

ஜன்னலைச் சாத்தாதீங்க சார், காத்து வரட்டும். இந்தப் பழனி மலைப்பாதையில எனக்கு வாந்தி வராது. என் பக்கத்துல உக்காந்தவங்களுக்குத்தான் வரும். பாதையால இல்லை, என் பேச்சாலன்னு லூர்து சொல்லுவா. லூர்து என் சம்சாரம்.

கொடைக்கானல் பாக்க வந்தீங்களா? ஏரியைச் சுத்துனீங்களா? எதுல? நடந்தா! அடடா. நடக்கிற ஆளுங்களால எனக்கும் பிரயோஜனம் இல்லை, செபஸ்திக்கும் பிரயோஜனம் இல்லை. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா உங்களை நடக்க விட்டிருப்போமா? நான் இந்தக் கையைப் பிடிச்சு சைக்கிளுக்கு இழுத்திருப்பேன், அவன் அந்தக் கையைப் பிடிச்சு குதிரைக்கு இழுத்திருப்பான். நடுவுல நீங்க ரெண்டா கிழிஞ்சிருப்பீங்க.

என் பேரு இருதயம். நாப்பத்தோரு வருஷமா ஏரிக்கரையில வாடகை சைக்கிள் விட்டவன். செபஸ்தி லூர்துவோட கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். அவனும் அதே நாப்பத்தோரு வருஷமா, எனக்குப் பத்தடி தள்ளி, குதிரை விட்டவன். கடைசியா வச்சிருந்த குதிரைக்குக் கலெக்டர்னு பேரு. பேரைப் பார்த்துப் பயந்துராதீங்க, ரொம்ப மரியாதையான குதிரை. தோளுயரம்தான். பழுப்பு நிறம்.

நான் சாது சார். யாரையும் நானாப் போய் அடிச்சதில்லை. செபஸ்தியைத் தவிர. அவனை எத்தனை தடவை ஜெயிச்சிருக்கேன்னு என் உடம்புலயே எழுதியிருக்கு, பாருங்க. இந்த மூக்கு வலது பக்கம் சாஞ்சிருக்கா? அவன் முஷ்டி வந்துச்சு. வேற ஆளா இருந்தா குனிஞ்சிருப்பான். நான் குனியலை. மூக்காலயே தடுத்தேன். அவன் விரல் ரெண்டும் வீங்கி ஒரு வாரம் கடிவாளம் பிடிக்க முடியலை. இன்னொரு தடவை என் முன்பல்லு ரெண்டை அவன் கையில இறக்கினேன். ஆறு தையல் அவனுக்கு. பல்லு எனக்குத் திரும்ப வரலை, அது வேற விஷயம். ஒரு ஈஸ்டர் அன்னிக்கு என் தோளைக் கொண்டுபோய் அவன் குதிரை வாயில திணிச்சேன் பாருங்க, நாலு நாள் அது புல்லு திங்கலை.

சிரிக்காதீங்க. அடின்னா அடி. சைக்கிள் பம்பு, சாட்டை, சங்கிலி, குதிரை லாடம், எல்லாம் பறந்திருக்கு. சாயங்காலம் லூர்து ரெண்டு கிண்ணத்துல மஞ்சள் குழைப்பா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணை எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போவா. எந்தக் கிண்ணம் பெருசுன்னு பார்த்து அன்னிக்கு யாரு ஜெயிச்சதுன்னு தெருவே தெரிஞ்சுக்கும். பெரிய கிண்ணம் எப்பவும் எங்க வீட்டுலதான் இருக்கும்.

இந்த சீசன்ல வினை வந்துச்சு. மே மாசக் கூட்டம். ஒரு கல்யாண ஜோடி, பொண்ணு சைக்கிளைப் பாக்குது, மாப்பிள்ளை குதிரையைப் பாக்குறான். நான் பம்பை எடுத்தேன், செபஸ்தி சாட்டையை எடுத்தான். அவன் வீசுனது எனக்கு. நான் அன்னிக்குன்னு பார்த்துக் குனிஞ்சு தொலைச்சேன். சாட்டை நுனி மாப்பிள்ளை காதுல சுத்திக்கிச்சு. காதுமடல் கிழிஞ்சு தொங்குது, பொண்ணு போட்டிருந்த வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

ஏரிக்கரைச் சங்கம் கூடுச்சு. தலைவர் பீர் பாய், வேகவச்ச மக்காச்சோளம் விக்கிறவர், அதிர்ந்து பேசாத மனுஷன். சோளத்தை உரிச்சுக்கிட்டே சொன்னார்: "இனிமே ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் கரையில இடம். இன்னொருத்தர் சாமானை எடுத்துக்கிட்டுப் போயிரணும். யாருன்னு தொட்டி ஓட்டம் சொல்லட்டும்."

தொட்டி ஓட்டம்னா, எங்க கரையில ரொம்ப நாள் வழக்கம். இடத்தகராறு வந்தா போலீஸ் கிடையாது, வக்கீல் கிடையாது. மேட்டுச் சோலைக்காட்டுக்குள்ள வெள்ளைக்காரன் கட்டுன ஒரு பழைய தண்ணித்தொட்டி இருக்கு. ஏரியிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஏத்தம், கடைசி மூணு காட்டுப்பாதை. தொட்டியைத் தொட்டுட்டு முதல்ல திரும்புறவனுக்கு இடம். எதுல போறேங்கிறது உன் பாடு. தொட்டிச் சுவர்ல செங்காவி நிறத்துல ஒரு பாசி இருக்கு, தொட்டா ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. அந்தக் கறைதான் சாட்சி.

செபஸ்தி கூட்டத்துலயே கேட்டான்: "மச்சான், உனக்கு முழு மூச்சு இருந்தப்பவே பஸ் ஸ்டாண்டு மேடு ஏற மாட்டே. இப்ப இருக்கறது அரை மூச்சு. பேசாம இன்னிக்கே சைக்கிளை மூட்டை கட்டு, நான் வேணா குதிரையில ஏத்தி விடறேன்."

"உன் குதிரையை நீயே சுமந்துக்கிட்டு வருவேடா"ன்னு சொன்னேன். வாய்ல வந்ததைச் சொன்னேன். நடக்கும்னு யாரு கண்டா.

ஆனா எனக்கு அறுபத்தேழு வயசு. என்கிட்ட இருந்த வாடகை சைக்கிள் ஒவ்வொண்ணும் எருமைக்கன்னு கனம். அதுல சோலைக்குப் போனா தொட்டிக்கு முன்னாடி கல்லறைதான் வரும். அந்த இடம் போச்சுன்னா எனக்கு என்ன சார் இருக்கு? வீட்டுல உக்காந்து யாரைத் திட்டுறது?

அப்பத்தான் கர்த்தர் பல் டாக்டரை அனுப்பினார். டாக்டர் உதயசங்கர், ஆறடி ஒரு அங்குலம். என் வாயில இருக்கற பல்லுல பாதி அவர் கட்டுனது. "இருதயம், மலையில ஏற எலெக்ட்ரிக் சைக்கிள் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எடை கம்மியா இருக்கற வகை. கோயமுத்தூர் வந்து பார்த்துச் சொல்லுமேன்"ன்னார். நான் மறுநாளே கோட்டு போட்டுக் கிளம்பிட்டேன்.

பெரிய கடை சார். சைக்கிளையெல்லாம் நகை மாதிரி விளக்குப் போட்டு வச்சிருக்காங்க. கவிப்பிரியான்னு ஒரு அம்மா, கடையில அவங்கதான் எல்லாம். நல்லா விளக்கிச் சொன்னாங்க. இதுல ரெண்டு சாதியாம். ஒண்ணு பெரிய மோட்டார், பெரிய பேட்டரி, இருபத்தஞ்சு கிலோ. மலையையே இழுக்கும். ஆனா கரன்ட் தீர்ந்துட்டா பிணம். தள்ளக்கூட முடியாது. இன்னொண்ணு சின்ன மோட்டார், சின்ன பேட்டரி, பதினேழு கிலோ. நாம மிதிக்கணும், அது முதுகுல கை வச்சுத் தள்ளி விடற மாதிரி உதவும். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண சைக்கிள் மாதிரி மிதிச்சு வீடு வந்து சேரலாம். "எடை குறைவா வாங்கறதே அதுக்குத்தான் சார்"ன்னாங்க.

நான் பதினேழு கிலோவைக் காட்டினேன். டாக்டர் சரின்னுட்டார்.

அடுத்தது அளவு. சைக்கிள்ல அளவு தப்புனா எல்லாம் தப்பு சார், செருப்பை விட மோசம். அந்தம்மா டாக்டரைச் சுவரோட நிக்க வச்சு, ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு தடிப் புத்தகத்தை மேல வரைக்கும் ஏத்தச் சொல்லி, புத்தகத்துலேருந்து தரைக்கு டேப் பிடிச்சாங்க. "உங்களுக்கு எக்ஸ்ட்ரா லார்ஜ்."

நான் குறுக்க விழுந்தேன். "ஸ்மால் கொடுங்கம்மா."

"ஸ்மாலா? இவருக்கா? முட்டி ஹேண்டில்பார்ல இடிக்குமே பெரியவரே."

"ரோட்டுக்கு இடிக்கும். காட்டுக்கு இடிக்காது. எண்பத்தி மூணுல ஜெர்மனியிலிருந்து ஏழடி உயரத்துல ஒரு சாமியார் வந்தார். குழந்தை சைக்கிள்ல பெருமாள்மலை உச்சி ஏறினார். நான்தான் சீட் வச்சுக் கொடுத்தேன். இறங்கி வந்து என் கையில முத்தம் கொடுத்துட்டுப் போனார். உடம்பு பெருசு, வண்டி சிறுசு, அதுதான் காட்டுல ரகசியம்."

டாக்டர் நம்பினார். பல்லைத் தவிர வேற எதைப் பத்தி யார் எதைச் சொன்னாலும் நம்புற மனுஷன். ஆனா அந்தம்மா என்னை மேலேயிருந்து கீழே பார்த்தாங்க. அஞ்சடி நாலு அங்குலம். "ஸ்மால் உங்களுக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருக்கு"ன்னாங்க.

"தற்செயல்ம்மா"ன்னேன்.

டாக்டர் ஒரே ஒரு நாள் ஓட்டினார். பைன் காட்டு இறக்கத்துல திருப்பும்போது முட்டி ஹேண்டில்பார்ல மாட்டிக்கிச்சு. ஆறடி மனுஷன் அம்பு மாதிரி பறந்து பைன் மரத்துக்கு வாயால முத்தம் கொடுத்திருக்கார். முன்பல்லு ரெண்டு மரத்துலயே நின்னுருச்சுன்னு பார்த்தவங்க சொன்னாங்க. வாயெல்லாம் ரத்தத்தோட சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு நேரா என் கடைக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசலை. பேச வாயும் இல்லை. விட்டார் ஒரு குத்து. மூணு வருஷம் முன்னாடி அவர் கையாலயே கட்டுன கடவாய்ப் பல்லு, அவர் கையாலயே கழண்டு விழுந்துச்சு. பல்லை எடுத்துப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கேன்"ங்கற மாதிரி தலையாட்டிட்டு, சைக்கிளைப் போட்டுட்டுப் போயிட்டார். "இதை இனிமே என் கண்ணுல காட்டாதே"ன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லி அனுப்பினார்.

காட்டலை. கடைக்குப் பின்னாடி கொண்டுபோய் வேலையை ஆரம்பிச்சேன்.

சார், நாப்பத்தோரு வருஷத்துல அப்படி ஒரு வண்டியை நான் கையால தொட்டதில்லை. மொதல்ல சீட். பெடலைக் கீழே விட்டுக் குதிகாலை அதுல வச்சா முட்டி நேரா நிக்கணும், அதுதான் உயரம். அப்புறம் முழங்கையை சீட் மூக்குல வச்சுக் கையை நீட்டினா விரல் நுனி ஹேண்டில்பாரைத் தொடணும். ரெண்டு விரல்கடை இடிச்சுது, சீட்டைப் பின்னால தள்ளினேன். பின்சக்கரத்துக்கு மேல காத்தடைச்ச ஒரு அதிர்வுதாங்கி இருக்கு. அதுல ஒரு சின்ன ரப்பர் வளையம். ஏறி உக்காந்து இறங்கினா அந்த வளையம் எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பாக்கணும். நாலுல ஒரு பங்கு நகர்ந்தா சரி. அதுக்கு மேல நகர்ந்தா காத்து பத்தலை, அதுக்குக் குறைஞ்சா காத்து ஜாஸ்தி. பதினோரு தடவை ஏறி இறங்கினேன், வேட்டியோட, வேட்டி இல்லாம, சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி. என் எடை அம்பத்தெட்டு கிலோவுக்கு மயிரிழை பிசகாம வச்சேன். டயர்ல காத்தைக் கட்டைவிரலால பார்த்தேன்; காட்டு வேருக்குக் கொஞ்சம் மெத்துன்னு இருக்கணும்.

அப்புறம் எடை. ஏத்தத்துல ஒரு கிராம்கூட விரோதி சார். ஸ்டாண்டைக் கழட்டினேன். மணியைக் கழட்டினேன். மட்கார்டு போச்சு. போல்ட்டு நீட்டிக்கிட்டிருந்த இடமெல்லாம் அரத்தால ராவினேன். ஹேண்டில்பார் ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் அறுத்தேன். கம்பெனி பேரு எழுதி ஒட்டியிருந்தாங்க, அதையும் பிளேடால சுரண்டினேன். அது ஒரு கிராம் இருக்குமா? இருக்கும். மளிகைக்கடைத் தராசுல தொங்கவிட்டேன், பதினாறே கால். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஓட்டத்து அன்னிக்குக் காலையில கரை பூரா ஜனம். கரன்ட் எவ்வளவு வேகம் கொடுக்கும்னு அவங்க பாக்க வேண்டாமா? உச்சத்துல வச்சு ஏரியை நாலு ரவுண்டு சுத்துனேன். கிழவன் பறக்கறான்னு கைதட்டுனாங்க. செபஸ்தி ஒரு ஓரமா நின்னு கலெக்டருக்குக் கொள்ளு ஊட்டிக்கிட்டிருந்தான். கையில ஒரு பிரம்பு. வேற ஒண்ணும் இல்லை. ஜாக்கிரதை இல்லாத பய.

நான் ஜாக்கிரதையானவன். காட்டுக்குள்ள ஆள் இல்லாத இடம், கூட வர்றது செபஸ்தி. சும்மா போக முடியுமா? பெருசா ஒண்ணும் எடுத்துக்கலை சார். இடுப்புல ரெண்டு சுத்து செயின். கோட்டுப் பையில ஒரு பெரிய ஸ்பேனர், லாரிக்குப் போடறது. இன்னொரு பையில பழைய பெடல் கட்டை ஒரு ஜோடி. முதுகுப்பையில ஒரு சுத்தியல், கடப்பாரைத் துண்டு ஒண்ணு. அப்புறம், வழியில கல்லு கிடைக்கலைன்னா என்ன பண்றதுன்னு, கல்லு கொஞ்சம். எல்லாம் சேர்ந்து ஒரு பன்னெண்டு, பதிமூணு கிலோ இருக்கும். அதெல்லாம் என் மேலதானே இருக்கு, சைக்கிள் மேல இல்லையே. சைக்கிள் பதினாறே கால்தான்.

பீர் பாய் விசில் ஊதினார். பாஞ்சேன்.

பைன் காடு வரைக்கும் ராஜா மாதிரி போனேன். திரும்பிப் பார்த்தா செபஸ்தி கண்ணுக்கே தெரியலை. காட்டுப்பாதை ஏறினதும் வண்டி அடி வாங்க ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வேருக்கும் டங்கு டங்குன்னு இடிக்குது. குனிஞ்சு பார்த்தேன், ரப்பர் வளையம் கடைக்கோடிக்கே நகர்ந்துருச்சு. நான் வச்ச காத்து சார், மயிரிழை பிசகாது. உள்ளே வாஷர் மட்டமா போட்டிருப்பாங்க. அப்புறம் பேட்டரி. விளக்கு அஞ்சு இருந்தது மூணாச்சு, ஒண்ணாச்சு, சிவப்பாச்சு. தொட்டிக்கு இருநூறு அடி இருக்கும்போது மோட்டார் செத்துப்போச்சு. குளிருக்குப் பேட்டரி தாங்காதுன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னாங்களா? சொல்லலை. சாதாரண சைக்கிள் மாதிரி மிதிக்கலாம்னாங்களே, மிதிச்சேன். ஒரு சுத்து சுத்தலை. பெடல் கல்லு மாதிரி நிக்குது. வியாபாரிங்க பேச்சு அவ்வளவுதான்.

இறங்கித் தள்ளினேன். அப்பக் குளம்புச் சத்தம். டொக்கு, டொக்குன்னு அவசரமே இல்லாம. கலெக்டர் பாட்டுக்கு நடந்து வருது, மேல செபஸ்தி பீடி பிடிச்சுக்கிட்டு வர்றான்.

"என்ன மச்சான், தள்றே? புதுசாப் பொறந்த வண்டிக்கு நடக்கத் தெரியலையா?"

"மூடிக்கிட்டுப் போடா."

"போறேன். தொட்டியைத் தொட்டுட்டு வர்றேன், நீ இங்கேயே நில்லு. வரும்போது உன்னையும் உன் பதினேழு கிலோவையும் கலெக்டர் வாலுல கட்டி இழுத்துட்டுப் போறேன்."

அப்பத்தான் சார், சோலைக்குள்ளேருந்து ஒரு காட்டுமாடு, ஒத்தையா, ஒரு டன் இருக்கும், சும்மா நின்ன எங்க மேல பாஞ்சு வந்துச்சு.

என்ன அப்படிப் பாக்குறீங்க? காட்டுமாடு சும்மா பாயாதா?

சரி. சும்மா பாயாது. எங்க ஊர் பஜார்லயே ராத்திரி பகலா நடந்து போகும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஊர்ல எல்லார்கிட்டயும் சும்மா பாஞ்சுதுன்னுதான் சொல்லி வச்சிருந்தேன். ஸ்பேனர் எறிஞ்சேன் சார். மாட்டு மேல இல்லை, மாடு அங்கே புதர்ல நிக்கறதே எனக்குத் தெரியாது. செபஸ்தி மண்டைக்குக் குறி வச்சேன். இடது கையால. நான் இடது கைக்காரன். அவன் பீடி நெருப்பைத் தட்டத் தலையைச் சாய்ச்சான், ஸ்பேனர் அவன் காதை உரசிக்கிட்டுப் போய்ப் புதருக்குள்ள சத்துனு விழுந்துச்சு. புதர் எந்திரிச்சுது.

யாரு எறிஞ்சதுன்னு மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. நேரா என் மேல வந்துச்சு. சைக்கிளைக் கேடயமா பிடிச்சேன். கொம்புல மாட்டித் தூக்கி எறிஞ்சுது, சருகு மாதிரி போய் மரத்துல தொங்குச்சு. பதினாறே கால் கிலோ, பறக்கத்தானே செய்யும். நான் மல்லாக்க விழுந்துட்டேன். எந்திரிக்கப் பாக்குறேன், முடியலை. முதுகுப்பை தரையோட பிடிச்சு வச்சிருக்கு, கோட்டு ரெண்டு பக்கமும் இழுக்குது, இடுப்புல செயின். வயசாச்சு, வேற என்ன.

செபஸ்தி போயிருக்கலாம். தொட்டி அங்கே தெரியுது, எட்டிப் பிடிக்கற தூரம். எவனா இருந்தாலும் போயிருப்பான். நான் போயிருப்பேன். அவன் கலெக்டரைத் திருப்பினான். கலெக்டர் ஒரு தடவை தயங்குச்சு. அப்புறம் வந்துச்சு. எனக்கும் மாட்டுக்கும் குறுக்கால கொண்டாந்து நிறுத்தி, பிரம்பால மாட்டு மூஞ்சியில விளாசுறான். "போ! போ! போயிரு!"ன்னு கத்துறான். பிரம்பு மூணாவது அடியில முறிஞ்சுபோச்சு. மாடு தலையைத் தாழ்த்தி ஒரே குத்து. கலெக்டர் வயித்துல இந்தப் பக்கம் ஏறின கொம்பு, உதறி எடுக்கும்போது எல்லாத்தையும் வெளியே இழுத்துட்டு வந்துச்சு. என் மூஞ்சி மேல சூடா விழுந்துச்சு சார். குதிரை கத்தி நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. கேக்கவும் வேண்டாம்.

மாடு அப்படியே நின்னு பார்த்துட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சு.

செபஸ்திக்குக் கால் சாஞ்ச குதிரைக்கு அடியில மாட்டிக்கிச்சு. உருவிக்கிட்டு எந்திரிச்சான். சட்டையைக் கழட்டிக் குடலை உள்ளே வச்சு அழுத்தினான். அது நிக்குமா? தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். காதுல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தான். குதிரைக்கு உசிரு சட்டுனு போகாது சார். ஒரு மணி நேரம் ஆச்சு.

அந்த ஒரு மணி நேரத்துல நான் கோட்டைக் கழட்டினேன், பையைக் கழட்டினேன், எந்திரிச்சேன். விழுந்ததுல இடது தோள்பட்டை எலும்பு வெளியே தள்ளிக்கிட்டு இருக்கு. அப்படியும் ஒவ்வொரு அடியா நடந்து போய், வலது கையால தொட்டியைத் தொட்டுட்டு வந்தேன்.

போட்டின்னா போட்டிதானே சார். அதுக்குத்தானே போனது. திரும்பி வந்து அவன் பக்கத்துல நின்னேன். அவன் என் கையைப் பார்த்தான். காவிக் கறை உள்ளங்கை பூரா. கலெக்டர் வாய்லேருந்து நுரையைத் துடைச்சு விட்டான். நான் இறங்கி வந்துட்டேன்.

பீர் பாய் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடம் உமக்கு"ன்னார். சாயங்காலம் செபஸ்தி காட்டுலேருந்து இறங்கி வந்தான், சேணத்தைத் தன் தோள்ல சுமந்துக்கிட்டு. உடம்பெல்லாம் ரத்தம் காஞ்சு கறுப்பா இருக்கு. நான் என் இடத்துல நின்னேன், அடி வரும்னு தயாரா மூக்கை முன்னால நீட்டிக்கிட்டு. அவன் என்னைத் தாண்டிப் போனான்.

அடிக்கலை சார்.

மறுநாள் வருவான்னு பார்த்தேன். வரலை. அவன் வீட்டு கேட்டை எட்டி உதைச்சேன். உள்ளேருந்து தாழ்ப்பாளைச் சரி பண்ணிக்கிட்டான். அவங்கப்பனை, தாத்தனை எல்லாம் இழுத்துத் திட்டினேன். ஜன்னல்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தான். கல்லு விட்டேன், கண்ணாடி உடைஞ்சுது. கூட்டிப் பெருக்கினான். லூர்து எனக்கு மஞ்சள் குழைக்க மாட்டேன்னுட்டா. தோள்பட்டைக்குக்கூட. கரையில பத்தடிக்கு அந்தப் பக்கம் வெறும் தரை. வர்றவங்க அவங்களா வந்து சைக்கிள் எடுக்குறாங்க, இழுக்குறதுக்கு ஆள் இல்லை. பதினெட்டு நாள் அப்படி. வியாபாரம் பண்ற மாதிரியா இருக்கு?

பத்தொம்பதாவது நாள் ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல அவனை மறிச்சேன். "மச்சான், மாடு சும்மா வரலை. நான் ஸ்பேனர் எறிஞ்சேன். அது போய் மாட்டு மேல விழுந்துச்சு."

அவன் நின்னான். "மாட்டு மேலயா எறிஞ்சே?"

"இல்லை. உன் மேல. மண்டைக்கு."

அப்புறம் கையில இருந்த ஜெபப்புத்தகத்தை லூர்துகிட்ட கொடுத்தான்.

கோயில் வாசல்லேருந்து ஏரிக்கரை வரைக்கும் ஒரே சீரா அடிச்சான். பஜார் பூரா நின்னு பார்த்துச்சு. பேக்கரி வாசல்ல ரெண்டு விலா. பஸ் ஸ்டாண்டு மேட்டுல டாக்டர் கட்டுன மிச்சப் பல்லு. நானும் விடலை, விலா எலும்பால அவன் முட்டியைப் பலமா தாக்கினேன், நொண்டிக்கிட்டுத்தான் அடிச்சான். டாக்டர் உதயசங்கர் கிளினிக் மாடியிலேருந்து பார்த்துக் கைதட்டினதா கேள்வி. கடைசியா கரையில, என் இடத்துலயே என்னைக் குப்புறப் போட்டு, இந்த வலது கையைக் கல்லு மேல விரிச்சு வச்சு, பூட்ஸ் காலால மிதிச்சான். திரும்பத் திரும்ப. பாருங்க, மூணு விரல் மடங்காது இனிமே.

அதுலதான் சார் அவன் முட்டாள்தனம் தெரியுது. நான் எறிஞ்சது இடது கையால. நாப்பத்தோரு வருஷமா என்கிட்ட அடி வாங்குறவன், எனக்கு எந்தக் கைன்னு தெரிய வேண்டாமா? "டேய், தப்பான கைடா, தப்பான கைடா"ன்னு கத்துறேன். "இது சரியான கைதான்"னு சொல்லிட்டு மிதிக்கிறான். என்னத்தைச் சொல்றது?

சங்கம் உடனே கூடுச்சு. பீர் பாய் அன்னிக்கு சோளம்கூட உரிக்கலை. "ரெண்டு பேருமே வேண்டாம். ரெண்டு பேரும் நாளைக்குக் கரையில இருக்கக் கூடாது"ன்னுட்டார். நியாயமா? தொட்டியைத் தொட்டவன் நான். கறை இருந்துச்சு, சாட்சி இருந்துச்சு. அடி வாங்கினவனும் நான். என்னை வெளியே அனுப்புறாங்க! அந்த இடத்துக்குத்தானே சார் இத்தனையும். நாப்பத்தோரு வருஷத்து இடம், இப்ப அங்கே பஞ்சுமிட்டாய் விக்குறாங்க.

சைக்கிளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டேன். மன்னவனூர்ப் பக்கம் இப்பக் கூட்டம் போகுது, அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. அதுக்கு ஒரு குதிரை வேணும். ஆடி மாசம் அந்தியூர்ல குதிரைச் சந்தை, அங்கேதான் போறேன். குதிரையில எனக்கு என்ன தெரியும்னு கேக்காதீங்க. எல்லாம் அளவுதான் சார். ஏறுறவன் காலை அளந்துட்டா முடிஞ்சுது. அவன் தூங்கும்போது லூர்துவை விட்டுக் கயித்தால அளக்கச் சொன்னேன், முப்பது அங்குலம். கயிறு இந்தப் பையில இருக்கு. அவன் வெறும் பல்லையும் குளம்பையும் பார்த்து வாங்குற ஆளு, விட்டா ஒட்டகத்தைப் பிடிச்சுட்டு வந்துருவான்.

யாரா? செபஸ்திதான். அதோ, டிரைவருக்குப் பின் சீட்டு, மங்கிக் குல்லா. "அந்தியூர் போறேன், வர்றியா?"ன்னு நேத்து அவன் ஜன்னல் உடைஞ்ச ஓட்டை வழியா கேட்டேன். காலையில பஸ்ல ஏறினா முன்னாடியே உக்காந்திருக்கான். டிக்கெட்டு தனக்கு மட்டும் எடுத்திருக்கான், பாருங்க புத்தியை. பக்கத்துல உக்காந்தா பழனி தாண்டுறதுக்குள்ள ரெண்டு பிணம் விழும், அதான் நான் இங்கே உங்ககூட.

மெதுவா பேசவா? எதுக்கு? அவன் காது நல்லா கேக்கும். அதுக்குத்தானே மேலேருந்து இத்தனை சத்தமா சொல்லிக்கிட்டு வர்றேன். நான் காசு கொடுத்துக் குதிரை வாங்கிக்கடான்னா வாங்க மாட்டான். மன்னிச்சுக்கடான்னா... அதெல்லாம் எங்க வழக்கத்துல கிடையாது.

டேய் செபஸ்தி! ஸ்மால் சைஸ் குதிரையாப் பாருடா, உனக்கு எக்ஸ்ட்ரா லார்ஜுல ஏறக் கால் எட்டாது!

திரும்புறான். திரும்பிட்டான் சார். எந்திரிக்கிறான். அந்த முஷ்டியைப் பார்த்தீங்களா, உசரத் தூக்கிக் காட்டுறான்! இருபது நாள் ஆச்சு அதைப் பார்த்து. ஐயோ, நீங்க ஏன் சார் குனியறீங்க? உக்காருங்க, நிமிர்ந்து உக்காருங்க. அது உங்களுக்கு இல்லை.

எனக்கு.